பன்னிரண்டால் வகுபடாத பாவம்

கூபேயின் ஜன்னல் திறந்து கிடக்கிறது. வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் பனி. உள்ளே படுக்கையில் கிடக்கும் அமெரிக்கரின் உடல்மீது குனிந்து, டாக்டர் கான்ஸ்டன்டைன் காயங்களை எண்ணுகிறார். மொத்தம் 12. ஆனால் அந்தக் கிரேக்க மருத்துவருக்குக் கணக்கு உதைக்கிறது. சில காயங்கள் வெறும் கீறல். கத்தி வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. சில, தசையை ஊடுருவி இறங்கிய முரட்டுக் குத்துகள். ஒன்று இடது கைக்காரர் குத்தியதுபோல் இருக்கிறது. எல்லாவற்றையும்விட விசித்திரம், ஆழமான இரண்டு காயங்களில் ரத்தம் சரியாக வரவே இல்லை. கத்தி இறங்கியபோது ஆள் ஏற்கெனவே இறந்திருக்கிறார்.

செத்தவரை எதற்குக் குத்த வேண்டும்?

அகதா கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ 1934 ஜனவரியில் லண்டனில் வெளியானது. உலகம் முழுக்க ரயில் நிலையக் கடைகளில் இன்றும் விற்கும் புத்தகம். பெரும்பாலோர் அதைப் புதிராகப் படிக்கிறார்கள். விடை தெரிந்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள். அந்த விடை 90 ஆண்டு பழையது என்பதால் இங்கே மறைக்கப்போவதில்லை. இந்த நாவலின் உண்மையான சிக்கல் விடை தெரிந்த பிறகுதான் தொடங்குகிறது.

ரயிலைப் பற்றிச் சில வார்த்தைகள். ஜார்ஜ் நாகெல்மாக்கர்ஸ் என்ற பெல்ஜியரின் வாகோன்-லி நிறுவனம் 1883 அக்டோபர் 4 அன்று பாரிஸிலிருந்து ஓரியண்ட் எக்ஸ்பிரஸை முதன்முதலாகக் கிழக்கு நோக்கி அனுப்பியது. முதல் உலகப் போருக்குப் பின் ஆல்ப்ஸ் மலையின் சிம்ப்ளான் சுரங்கம் வழியாகச் சென்ற ரயில்தான் கிறிஸ்டியின் நாவலில் வருவது. 1928இல் மணமுறிவுக்குப் பிறகு அவர் தனியாளாக அந்த வழியில் பாக்தாத் நோக்கிப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு குளிர்காலத்தில், துருக்கியின் செர்க்கஸ்கோய் அருகே அந்த ரயில் பனியில் புதைந்து நாள்கணக்கில் நின்றது. 1931 டிசம்பரில் அவரே பயணம் செய்த வண்டி, வெள்ளம் தண்டவாளத்தை அரித்துவிட்டதால் நடுவழியில் நின்றது. சக பயணிகளைப் பற்றி அப்போது இரண்டாம் கணவர் மேக்ஸ் மேலோவனுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் நாவலின் சாயல்கள் தெரிகின்றன. நாவல் அந்தக் கணவருக்கே காணிக்கையாக்கப்பட்டது.

நாவலில் வண்டி யூகோஸ்லாவியாவில், வின்கோவ்சிக்கும் ப்ராடுக்கும் நடுவே பனியில் மாட்டிக்கொள்கிறது. வண்டியில் போலீஸ் இல்லை. வெளியுலகத் தொடர்பு இல்லை. யார் சொல்வது உண்மை என்று விசாரிக்க வழியில்லை. இருப்பது ஒரு பிணமும், மீசையை முறுக்கிக்கொண்டிருக்கும் துப்பறிவாளர் ஹெர்க்யூல் பொய்ரோவும்தான்.

பிணத்தின் அருகே எரிந்து கருகிய ஒரு காகிதத் துண்டு கிடக்கிறது. பொய்ரோ ஒரு பெண் பயணியின் பழைய தொப்பிப் பெட்டியைக் கேட்டு வாங்குகிறார். அதிலிருந்து இரண்டு கம்பி வலைகளை எடுத்து, நடுவே அந்தக் கருகலை மெதுவாக வைத்து, தன் ஸ்பிரிட் அடுப்பின் நீலச் சுடரில் காட்டுகிறார். மீசையைச் சரிசெய்ய அவர் கையோடு கொண்டுபோகும் அடுப்பு அது. சில நொடிகளுக்கு எழுத்துகள் நெருப்பாய் மின்னி மறைகின்றன. டெய்சி ஆம்ஸ்ட்ராங் என்ற பெயர் தெரிகிறது.

அது ஒரு மூன்று வயதுக் குழந்தையின் பெயர். அமெரிக்காவில் அவளைக் கடத்தியவன் கஸெட்டி. 2 லட்சம் டாலர் பணயத்தொகை கொடுக்கப்பட்டது. திரும்பக் கிடைத்தது உடல்தான். கர்ப்பிணியாக இருந்த தாய் குறைப்பிரசவத்தில் செத்துப்பிறந்த குழந்தையோடு தானும் இறந்தார். தந்தை தன்னையே சுட்டுக்கொண்டார். போலீஸ் சந்தேகித்த பணிப்பெண் சூசன் ஜன்னலிலிருந்து குதித்து இறந்தாள். அவள் குற்றமற்றவள் என்று பிறகு தெரிந்தது. கஸெட்டியோ பணத்தைக் கொட்டி, சட்டத்தின் ஓட்டை ஒன்றில் நுழைந்து தப்பினான். ராட்செட் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஐரோப்பாவில் சொகுசாகத் திரிந்தான். கூபேயில் பிணமாகக் கிடப்பவன் அவன்தான். அவனுடைய ரயில் பெட்டியில் இருந்த பன்னிரண்டு பேரும் அந்தக் குடும்பத்தோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவர்கள். பன்னிரண்டு பேரும் ஆளுக்கு ஒரு குத்து.

‘அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்’ என்பார்கள். இங்கே அரசன் கொல்லவில்லை. தெய்வம் எவ்வளவு நேரம் நிற்கப்போகிறது என்று காத்திருக்க இவர்களுக்குப் பொறுமை இல்லை. அது பாவமா?

13ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஏறக்குறைய இதே கேள்வியைத் தன் ‘சும்மா தியாலஜிகா’வில் எடுத்துக்கொண்டார். சமூகத்தின் நன்மைக்காகக் கொடியவனுக்கு மரண தண்டனை தரலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. அழுகிய உறுப்பை வெட்டுவதோடு அதை ஒப்பிட்டார். ஆனால் அடுத்த படியில், அதைத் தனி மனிதர் செய்யலாமா என்று கேட்டு, கூடாது என்றார். அதற்கு அவர் தந்த விளக்கம் ரயிலுக்கு நேராக வந்து சேருகிறது. காட்டு மிருகத்தைக் கொல்ல யாருடைய அனுமதியும் வேண்டாம், அது இயல்பிலேயே நம்மிலிருந்து வேறானது. கெட்ட மனிதனோ இயல்பில் நல்ல மனிதனிலிருந்து வேறானவன் அல்ல. ஆகவே அவனுக்கு என்ன செய்வது என்பதைப் பொது அதிகாரம் பெற்றவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நான்கு நூற்றாண்டு கழித்து, 1689இல் வெளியான ஜான் லாக்கின் ஆட்சியியல் நூல் வேறு கதவைத் திறந்தது. அரசு என்று ஒன்று உருவாவதற்கு முந்தைய இயற்கை நிலையில், இயற்கையின் நீதியை நிறைவேற்றும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றார் லாக். அந்த நிலையில் கொலைகாரனைச் சிங்கம், புலியைப்போலக் கொல்லலாம். அக்குவினாஸ் மூடிய கூண்டை லாக் திறந்துவிட்டார்போல் தோன்றும். ஆனால் அவரும் உடனே ஒரு எச்சரிக்கை வைத்தார்: தன் வழக்கில் தானே நீதிபதியாக இருப்பவன் நடுநிலை தவறுவான். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மனிதர்கள் அரசை ஏற்படுத்திக்கொண்டார்கள்.

பனியில் புதைந்த ரயில் பெட்டியைவிடச் சுத்தமான இயற்கை நிலை எங்கே கிடைக்கும்? சட்டம் எட்டாத இடம், கூண்டுக்குள் ஒரு மிருகம். கிறிஸ்டி இதை வேண்டுமென்றே அமைத்தது போலிருக்கிறது. கொலைக்கு முன்பே, இஸ்தான்புல் ஹோட்டலில் ராட்செட்டைப் பார்த்த பொய்ரோவுக்கு, கண்ணியமான உடம்பு என்ற கம்பிகளுக்குப் பின்னால் ஒரு காட்டு விலங்கு இருப்பதாகத்தான் தோன்றுகிறது. அக்குவினாஸ் செல்லாது என்று ஒதுக்கிய அதே உவமை, துப்பறிவாளரின் வாயிலிருந்தே வருகிறது.

அந்தப் பன்னிரண்டு பேர் தங்களைப் பழிவாங்குபவர்களாக நினைக்கவில்லை; ஜூரியாக நினைத்தார்கள். விசாரணையின்போது அவர்களில் ஒருவரான கர்னல் ஆர்பத்நாட் பழிக்குப் பழி வேண்டாம், பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரிமுறைதான் சரி என்று பேசுகிறார். அந்த இடத்தில்தான் பொய்ரோவுக்குப் பொறி தட்டுகிறது. பன்னிரண்டு என்பது ஆங்கிலச் சட்டத்தில் ஊறிப்போன எண். இரண்டாம் ஹென்றி 1166இல் பிறப்பித்த கிளாரண்டன் சட்டத்திலேயே, ஊரின் குற்றவாளிகளைச் சத்தியம் செய்து அடையாளம் காட்ட வட்டாரத்துக்குப் பன்னிரண்டு பேர் வேண்டும் என்றிருந்தது.

ஜூரி பிறந்த கதையை மேடையேற்றியவர் ஈஸ்கிலஸ். கி.மு. 458இல் ஏதென்ஸில் நடந்த ‘ஓரெஸ்தியா’ நாடகத்தில், தந்தையைக் கொன்ற தாயைக் கொன்ற மகனைப் பழிதீர்க்கும் தேவதைகள் துரத்துகிறார்கள். ரத்தத்துக்கு ரத்தம் என்ற சங்கிலிக்கு முடிவே இல்லை. கடைசியில் அத்தீனா தேவி குடிமக்களைக் கூட்டி நீதிமன்றம் அமைக்கிறாள். இரு தரப்பும் வாதாடுகின்றன, வாக்குகள் சமமாகின்றன, குற்றம்சாட்டப்பட்டவன் விடுதலை. பழி நீதிமன்றமாக மாறிய கதை அது. கிறிஸ்டி அதே கதையைத் தலைகீழாக ஓட்டினார். இங்கே நீதிமன்றம் தோற்றுப்போய், ஜூரி மறுபடியும் பழியாகிறது.

தலைகீழாக ஓட்டியதில் ஒன்று கீழே விழுந்துவிட்டது: எதிர்வாதம். தூங்க மருந்து கொடுக்கப்பட்டுப் படுத்திருந்த ராட்செட்டுக்காகப் பேச அந்தப் பெட்டியில் ஒருவரும் இல்லை. யூதர்களின் தல்மூத் நூலில், மரண தண்டனை வழக்குகளை விசாரிக்கும் சன்ஹெட்ரின் சபை பற்றி ஒரு வியப்பான விதி பேசப்படுகிறது. சபையினர் அத்தனை பேரும் ஒருமித்துக் குற்றவாளி என்று சொன்னால், அவனை விடுவிக்க வேண்டும். தண்டனையை மறுநாளுக்குத் தள்ளிவைத்து, இடைப்பட்ட நேரத்தில் அவனுக்குச் சாதகமாக ஏதாவது கிடைக்குமா என்று தேடுவது அவர்கள் முறை. எல்லோரும் முதலிலேயே ஒரே குரலில் பேசினால் தேடுவதற்கு ஆள் ஏது? அந்த அளவுகோலில், ராட்செட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டியது அந்தப் பன்னிரண்டு பேரின் ஒற்றுமையேதான்.

இப்போது ரத்தம் வராத அந்தக் காயங்களுக்குத் திரும்பலாம். முதலில் சீட்டுக் குலுக்கிப்போட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்க நினைத்தார்களாம். பிறகு எல்லோரும் சேர்ந்தே செய்வது என்று முடிவானது. இருட்டில் ஒருவர்பின் ஒருவராக உள்ளே போய் ஆளுக்கு ஒரு குத்து. உயிரைப் பறித்த குத்து எது என்று அவர்களுக்கே தெரியக் கூடாது. வயதான ட்ராகோமிராஃப் இளவரசியின் தளர்ந்த கைக்கும் கர்னலின் ராணுவக் கைக்கும் ஒரே பங்கு. துப்பாக்கிப் படையால் மரண தண்டனை நிறைவேற்றும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலும், சுடுபவர்களில் ஒருவரின் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா வைப்பதுண்டு. என் குண்டாக இல்லாமலிருக்கலாம் என்று ஒவ்வொருவரும் நிம்மதியாகத் தூங்கலாம்.

பாவத்தை இப்படிப் பங்கு பிரிக்க முடியுமா? 12ஆம் நூற்றாண்டின் பீட்டர் அபெலார், பாவம் செயலில் இல்லை, மனம் அதற்குச் சம்மதிப்பதில்தான் இருக்கிறது என்றார். அவர் கணக்குப்படி, பிணத்தைக் குத்தியவரும் உயிரோடிருந்தவரைக் குத்தியவரும் ஒன்றுதான். தங்கள் கத்தி சென்றடைவது யாரை என்று இருவருக்கும் தெரியும்.

நவீன தத்துவவாதி டெரெக் பார்ஃபிட் 1984இல் இதையே வேறு உதாரணத்தால் சொன்னார். ஆயிரம் சித்திரவதையாளர்கள், ஆயிரம் கைதிகள். முன்பு ஒருவர் ஒருவரை வதைத்தார். இப்போது ஒவ்வொருவரும் ஒரு விசையை ஒருமுறை அழுத்துகிறார். அதனால் ஒவ்வொரு கைதிக்கும் கூடும் வலி உணரவே முடியாத அளவு. ஆயிரம் பேரும் அழுத்தி முடிக்கும்போது வேதனை பழையபடியேதான். நான் மட்டும் யாருக்கும் வலி தரவில்லையே என்று ஒவ்வொருவரும் சொல்லலாம். பார்ஃபிட் அந்தச் சாக்கை ஏற்கவில்லை. பலர் சேர்ந்து செய்யும் தீமையில் தன் பங்கை வகுத்துச் சிறிதாக்குவது அறத்தின் கணக்கில் வரும் பிழை என்றார். ரயிலின் பன்னிரண்டு பேர் செய்ததும் அந்தப் பிழைதான்.

ஆனாலும் அவர்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. டெய்சிக்கு முன்பும் வேறு குழந்தைகள் பலியாகியிருந்தார்கள். அவனை விட்டால் இனியும் பலியாகலாம். இந்த வாதம் படிப்பவரை அசைக்கக் காரணம், கஸெட்டிதான் குற்றவாளி என்பதில் துளியும் சந்தேகம் இல்லாதபடி நாவலாசிரியர் பார்த்துக்கொண்டதுதான். கதையில் அந்த உறுதியைத் தர ஆசிரியரால் முடியும். நிஜத்தில் யாரால் முடியும்?

நிஜமும் பக்கத்திலேயே இருந்தது. 1932 மார்ச் 1 இரவு, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் கடந்து புகழ்பெற்ற சார்லஸ் லிண்ட்பெர்கின் 20 மாதக் குழந்தை தொட்டிலிலிருந்து கடத்தப்பட்டது. 50 ஆயிரம் டாலர் கொடுக்கப்பட்டது. மே 12 அன்று குழந்தையின் உடல் கிடைத்தது. வீட்டுக்குள்ளேயே யாரோ துப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று போலீஸ் சந்தேகித்து, லிண்ட்பெர்கின் மாமியார் வீட்டில் வேலைசெய்த வயலட் ஷார்ப் என்ற ஆங்கிலேயப் பெண்ணைத் திரும்பத் திரும்ப விசாரித்தது. ஜூன் 10 அன்று அவர் விஷம் குடித்து இறந்தார். கடத்தலில் அவருக்குத் தொடர்பில்லை என்று பிறகு உறுதியானது.

சூசன் யாருடைய நிழல் என்பது சொல்லாமலே விளங்கும். கிறிஸ்டி நாவலை எழுதி வெளியிட்டபோது உண்மையான குற்றவாளி என்று ஒருவரும் பிடிபட்டிருக்கவில்லை. புரூனோ ரிச்சர்ட் ஹாப்ட்மன் கைதானது 1934 செப்டம்பரில். பன்னிரண்டு பேர் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 1936 ஏப்ரல் 3 அன்று மின்சார நாற்காலியில் தண்டனை நிறைவேறியது. கடைசிவரை அவர் மறுத்தார். தீர்ப்பு சரிதானா என்று இன்றும் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. 1932 கோடையில், கொதித்துப்போயிருந்த மக்களிலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கையில் கத்தியைக் கொடுத்திருந்தால் அது யாரைத் தேடிப் போயிருக்கும்? வயலட் ஷார்ப்பையாக இருக்கலாம்.

நாவலுக்குள்ளேயே இந்த முரண் ஒளிந்திருக்கிறது. கத்தி பிடித்தவர்களில் ஒருவர் ரயிலின் கண்டக்டர் பியர் மிஷெல். அவர் சூசனின் தந்தை. மற்றவர்களின் அவசரச் சந்தேகத்துக்கு மகளைப் பறிகொடுத்தவர், மற்றவர்களின் உறுதியை நம்பி இன்னொருவரைக் குத்துகிறார். கிறிஸ்டி அதை ஒரு நொடிகூட நின்று பார்க்கவில்லை.

கதையை மிஞ்சிய நிஜங்கள் பின்னாளில் நடந்தன. மிசௌரி மாநிலத்தின் ஸ்கிட்மோர் என்ற சிற்றூரை கென் ரெக்ஸ் மெக்எல்ராய் என்பவர் ஆண்டுக்கணக்கில் மிரட்டிவந்தார். மளிகைக் கடைக்காரர் ஒருவரைச் சுட்ட வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் மேல்முறையீட்டு ஜாமீனில் வெளியே இருந்தார். 1981 ஜூலை 10 அன்று, நடுத்தெருவில், பட்டப்பகலில், 30க்கும் மேற்பட்டோர் முன்னிலையில் தன் வண்டிக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பக்கத்தில் அமர்ந்திருந்த மனைவியைத் தவிர ஊரில் ஒருவரும் எதையும் பார்க்கவில்லை என்றார்கள். இன்றுவரை அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. பனியும் இல்லை, பொய்ரோவும் இல்லை. மற்றபடி அதே ரயில் பெட்டி.

அதே 1981 மார்ச்சில் ஜெர்மனியின் லூபெக் நகரில் மரியானே பாஹ்மையர், தன் ஏழு வயது மகளைக் கொன்ற குற்றத்துக்காக விசாரணையில் இருந்தவனை நீதிமன்ற அறைக்குள்ளேயே சுட்டார். அவர் செய்ததையும் அக்குவினாஸ் ஏற்கமாட்டார். ஆனால் அவர் இருட்டைத் தேடவில்லை, பங்காளிகளைச் சேர்க்கவில்லை. நீதிபதியின் கண்முன், தன் பெயரில், தன் கையால் செய்தார். ஆறு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். நாவலில் இதற்கு அருகே வருபவர் ஒருவர்தான்: டெய்சியின் பாட்டி, நடிகை லிண்டா ஆர்டன். உண்மை வெளிப்பட்டதும், எல்லாப் பழியையும் தான் ஒருத்தியே ஏற்பதாகச் சொல்கிறார்.

அதைப் பொய்ரோ ஏற்கவில்லை. அவர் இரண்டு விடைகளை மேசையில் வைக்கிறார். ஒன்று, வெளியிலிருந்து வந்து கண்டக்டர் சீருடையில் கொன்றுவிட்டு இறங்கிப்போன முகம் தெரியாத ஆள். மற்றொன்று, நடந்த உண்மை. வாகோன்-லி நிறுவன இயக்குநர் பூக்கும் டாக்டரும் முதல் விடையே சரி என்கிறார்கள். பொய்ரோ விலகிக்கொள்கிறார். தமிழில் எழுதும்போது அவர் பெயரிலேயே பொய் வந்து உட்கார்ந்துகொள்வதைத் தவிர்க்க முடியவில்லை.

அவர் வெறும் பார்வையாளரும் அல்ல. ராட்செட் உயிருக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டு, 20 ஆயிரம் டாலர் வரை தர முன்வந்தான். பொய்ரோ மறுத்தார். சொன்ன காரணம், அவன் முகம் பிடிக்கவில்லை என்பது. அன்று அவன் செய்த குற்றம் எதுவும் அவருக்குத் தெரியாது. பன்னிரண்டு பேராவது ஒரு வழக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தீர்ப்பளித்தார்கள். பொய்ரோ முகத்தைப் பார்த்தே தீர்ப்பளித்துவிட்டார்.

இந்த முடிவைத் திரையில் காட்டியவர்கள் வேறு வேறு விதமாகத் தடுமாறினார்கள். 1974இல் சிட்னி லூமெட்டின் படம் ஷாம்பெய்ன் கோப்பைகளை உரசிக்கொண்டு விடைபெறுகிறது. 2010இல் டேவிட் சூஷே நடித்த தொலைக்காட்சிப் படத்தில் பொய்ரோ கோபத்தில் கத்துகிறார். சட்டத்தைக் கையில் எடுத்த கும்பல் எங்கே போய் நிற்கும் என்று கேட்கிறார். கடைசியில் பனியில் தனியே நடக்கிறார், கண்ணில் நீர், கையில் ஜெபமாலை. தீவிரக் கிறிஸ்தவ நம்பிக்கை கொண்ட சூஷே, கத்தோலிக்கரான பொய்ரோவுக்கு நாவல் தர மறந்த மனச்சாட்சியைத் திருப்பிக் கொடுத்தார்.

கிறிஸ்டிக்கும் அந்தக் கடன் நினைவிருந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எழுதிப் பூட்டிவைத்து, 1975இல்தான் வெளியிட்ட ‘கர்ட்டன்’ நாவலில் பொய்ரோவே ஒருவனைக் கொல்கிறார். மற்றவர்களைக் கொலைக்குத் தூண்டிவிட்டு, சட்டத்தின் பிடிக்குச் சிக்காமல் வாழ்பவன் அவன். தூங்க மருந்து, தனி அறை, இரவு: எல்லாம் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்போலவே. துணைக்குப் பதினொரு பேர் மட்டும் இல்லை. நண்பர் ஹேஸ்டிங்ஸுக்கு எழுதிவைத்த கடிதத்தில், தான் செய்தது சரியா தவறா என்று தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். இதய நோய்க்காரரான அவர் தன் மருந்துக் குப்பிகளைக் கைக்கெட்டாத தூரத்தில் தள்ளிவைத்துவிட்டுப் படுக்கிறார். தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிடுகிறார்.

இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படிக்க ஒரு வார விடுமுறை போதும். ஓரியண்ட் எக்ஸ்பிரஸை ஏற்கெனவே படித்தவர்கள் இந்தமுறை கொலையாளியைத் தேட வேண்டியதில்லை. சூசனுக்கு எத்தனை வரிகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.